சிவப்பு மியாட்டாவில் பதினோரு பேர்

மிதுனா முதலில் அதை ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தாள்.

அவள் முன்னால் இருந்த திரையில் அவிநாசி சாலை ஓடிக்கொண்டிருந்தது. 'தடம்' பார்க்கிற அவிநாசி சாலை. ஒவ்வொரு வண்டியின் மேலும் ஓர் எண் மிதந்தது. குடும்பத்தோடு போகும் காருக்கு நான்கு, டவுன் பஸ்ஸுக்கு முப்பத்தெட்டு, ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் டாக்சிக்குப் பூஜ்யம். கோயம்புத்தூரின் வண்டிகளை எல்லாம் தடம்தான் ஓட்டியது. புது வண்டிகளில் ஸ்டீயரிங் வருவது நின்று ஒரு தலைமுறையே ஆகிவிட்டது. தடம் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் மிதுனா மூத்த பொறியாளர். பழைய பதிவுகளை ஓடவிட்டுத் தவறு தேடுவது அவள் வேலை.

லட்சுமி மில் சிக்னலுக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்புக் கார் வந்து நின்றது. இரண்டே இருக்கை. துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிட்டு, கதவின் மேல் முழங்கையை வைத்தபடி ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். அந்த முழங்கையை அவளுக்குத் தெரியும். அவள் கணவன் சஞ்சித்.

அவன் தலைக்கு மேல் பூஜ்யம்.

பதிவைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தாள். வேறு நாள், வேறு சாலை எடுத்துப் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் அந்தக் காரின் மேல் பூஜ்யம்தான் இருந்தது. எழுந்து நேராகத் தன் மேலாளர் சுதர்சனின் அறைக்குப் போனாள்.

"சார், உள்ள ஆள் இருக்கு. காமிராவுல தெளிவாத் தெரியுது. ஆனா தடம் எண்ண மாட்டேங்குது."

சுதர்சன் எட்டிப் பார்த்தார். "பழைய வண்டி. சீட்டுல டேக் கிடையாது. டேக் சொன்னாத்தான் தடத்துக்கு ஆள் கணக்கு."

"காமிரா பாக்குதே?"

"காமிராவை நம்பினா ஜவுளிக்கடை வாசல்ல நிக்கற பொம்மையையும் எண்ணும். அதனாலதான் டேக்னு ஆரம்பத்துலயே முடிவாச்சு."

"ஒரு லாரிக்கு பிரேக் போச்சுன்னு வைங்க. எப்படியும் எதையாவது இடிச்சாகணும். ஒரு பக்கம் ரெண்டு பேர் இருக்கற கார். இன்னொரு பக்கம் இது. தடம் லாரியை எங்க திருப்பும்?"

பதில் இரண்டு பேருக்கும் தெரியும். விபத்தைத் தவிர்க்கவே முடியாது என்ற கட்டத்தில் தடம் எண்களைப் பார்க்கும். சின்ன எண் இருக்கும் பக்கம் போகும். அந்த விதியால் எத்தனையோ பேர் பிழைத்திருந்தார்கள். அதைச் சொல்லித்தான் மிதுனாவே கல்லூரிகளில் பேசியிருக்கிறாள்.

"அப்ப ரோட்டுல நடந்து போறவங்க சார்?"

"கையில போன் இருந்தா எண்ணும். வண்டிக்குள்ள இருக்கற போனை மட்டும் கணக்குல எடுக்காது."

"இல்லாட்டி?"

சுதர்சன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கெட்ட மனிதர் அல்ல. "மிதுனா, இந்த மாதிரி கையால ஓட்டற வண்டிகளை ரோட்டுலேருந்து எடுக்கச் சட்டம் வரப்போகுது. வந்துட்டா பிரச்சினையே இல்லை. அதுவரைக்கும் இது வெளிய போச்சுன்னா ஜனங்க தடத்து மேல இருக்கற நம்பிக்கையை விட்டுருவாங்க. ஆளாளுக்குப் பயந்துக்கிட்டு ஓட்ட ஆரம்பிச்சா எத்தனை பேர் சாவாங்கன்னு உங்களுக்கே தெரியும். உங்க வீட்டுக்காரரை அந்த வண்டியை வித்துடச் சொல்லுங்க. நான் சொல்றது அவ்வளவுதான்."

*

சஞ்சித் பல் டாக்டர். சாய்பாபா காலனியில் வீடும் கிளினிக்கும் ஒரே கட்டடம். அந்தச் சிவப்பு மியாட்டாவை, மூடப்பட்ட ஒரு மில்லின் கொட்டகையில் சாக்குகளுக்கு அடியிலிருந்து கண்டுபிடித்து வாங்கியிருந்தான். அவர்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்னால் ஜப்பானில் செய்த கார். மில் முதலாளி யாரோ ஆசைப்பட்டு இறக்குமதி செய்தது. மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தான். கிடைக்காத பாகங்களைக் கணபதியில் லேத் பட்டறைக்காரர்கள் கடைந்து கொடுத்தார்கள். இவனைப் போல ஊருக்குள் இன்னும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். மாதம் ஒருமுறை பெட்ரோல் கிடைக்கிற பங்க்கில் கூடி, திறந்த பானட்டைச் சுற்றி நின்று காபி குடிப்பார்கள்.

மிதுனா சொன்னதைக் கேட்டு அவன் சிரித்தான்.

"என்னை எண்ணாத ஒரு இடமாவது இருக்கேன்னு சந்தோஷப்படு."

"விளையாடாத சஞ்சு. இது பூஜ்யம். உன் உசிருக்குத் தடம் போட்டிருக்கற கணக்கு."

"தடம் இல்லாம நம்ம அப்பா தாத்தால்லாம் ஓட்டலையா?"

"ஓட்டினாங்க. வருஷத்துக்கு லட்சக்கணக்குல செத்தாங்க."

அவன் சாவியை எடுத்தான். "வா."

பொழுது சாயும் நேரம். மருதமலை சாலையில் ஊர் குறைந்து காற்று தொடங்குகிற இடம் வந்ததும் அவன் கொஞ்சம் விரட்டினான். மிதுனா இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தரை மிகவும் பக்கத்தில் இருந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"இந்த வண்டிக்கு என்ன வேகம்னு நினைக்கற?" என்றான்.

"நூறு இருக்குமா?"

"அம்பத்தஞ்சு." அவன் முகத்தில் சின்னப் பையனின் களிப்பு. "இது வேகமான காரே கிடையாது. அந்தக் காலத்துலயே கிடையாது. எடை கம்மி, அவ்வளவுதான். கனமான வண்டி நீ சொன்னதைக் கேட்டு, யோசிச்சு, அப்புறம் திரும்பும். இது சொல்றதுக்குள்ள திரும்பிடும். பின் சக்கரம் தள்றதோட சரி, முன் சக்கரம் திரும்பறதோட சரி. ரெண்டும் ஒண்ணு வேலையில இன்னொண்ணு தலையிடாது. டிரில் வைக்கறப்ப பல்லு எங்க மெத்துன்னு இருக்குன்னு விரலுக்குத் தெரியும் பாரு, அப்படி ரோட்டுல கிடக்கற ஜல்லி கூட எனக்குக் கையில தெரியுது."

வளைவில் காரின் பின்பக்கம் மெல்ல வெளியே நழுவியது. அவன் இரண்டு விரல் அளவு ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் கொடுத்தான். கார் தன் இடத்துக்கு வந்துவிட்டது. அவள் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். அடுத்த வளைவு எப்போது வரும் என்று பார்த்தாள்.

வீடு திரும்பியபோது அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்தக் காரை விற்கச் சொல்ல அவளுக்கு வாய் வராது.

ஆனால் பயம் போகவில்லை. அன்றிலிருந்து அவன் காரை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவள் தன் போனில் ஊரின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். அவன் அதில் தெரியமாட்டான். தெரியாத அவனை நோக்கி லாரிகள் நகர்வது மட்டும் தெரியும்.

*

பள்ளி வேன்களில் ஒட்டுகிற டேக், கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். 'இந்த வண்டியில் இத்தனை பேர்' என்று தடத்துக்குச் சொல்வது மட்டும் அதன் வேலை. சோதனைக்கூடத்து டிராயரில் அப்படிக் கொஞ்சம் கிடந்தன. ஒன்றை எடுத்து மிதுனா 'ஒன்று' என்று பதிந்தாள். அதில் பொய் எதுவும் இல்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

வைப்பதற்கு முன்னால் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். பிரேக் போன லாரி, எதிரே இரண்டு பேர் இருக்கும் கார். லாரி சஞ்சித்தின் மேல் ஏறியது. இரண்டு என்று மாற்றினாள். எதிரே மூன்று பேர் வந்தார்கள். நான்கு என்று மாற்றினாள். ஒவ்வொரு முறையும் திரையில் அந்தச் சிவப்புப் புள்ளி அணைவதைப் பார்த்துப் பார்த்து அவள் நிதானம் இழந்தாள். கடைசியில் வேனுக்கு உரிய எண்ணையே போட்டாள். பதினொன்று. அதற்குப் பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் புள்ளி அணையவில்லை.

மறுநாள் காலை அவன் குளிக்கும்போது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் அதை ஒட்டினாள்.

வித்தியாசத்தை அவன் சீக்கிரமே கவனித்துவிட்டான்.

"இப்பல்லாம் ரோட்டுல எனக்கு மரியாதை கூடிப்போச்சு மிது. ஆம்புலன்ஸுக்கு விடற மாதிரி ஒதுங்கறாங்க. உங்க ஆபீஸ்ல எதாச்சும் சரி பண்ணீட்டீங்களா?"

"பண்ணியிருப்பாங்க," என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நல்லதுதான். ஆனா ஒரு மாதிரியா இருக்கு. கூட்டத்துல நடந்து போறப்ப எல்லாரும் சட்டுன்னு விலகி நின்னா எப்படி இருக்கும்? அப்படி."

அவள் வரைபடம் பார்ப்பதை விட்டாள். நிம்மதியாகத் தூங்கினாள்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரியிலிருந்து சஞ்சித் கூப்பிட்டான். "எனக்கு ஒண்ணும் இல்ல," என்றான் முதலில். பிறகு போனை நர்ஸிடம் கொடுத்துவிட்டான்.

மிதுனா போனபோது அவன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் ரத்தமும் ரோஸ் நிறக் கிரீமும். அந்தக் கிரீம் என்னவென்று அவளுக்கு முதலில் புரியவில்லை.

அவன் கோத்தகிரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். பின்னால் கேரட் ஏற்றிய, ஆளில்லாத தடத்து லாரி. கீழேயிருந்து ஒரு கார் ஏறி வந்துகொண்டிருந்தது. லாரியின் பிரேக் போயிற்று. அது இவன் காரை நோக்கி வந்து, கடைசி நொடியில் வலது பக்கம் திரும்பி, ஏறி வந்த காரைப் பாறையோடு வைத்து நசுக்கிவிட்டது. அந்தக் காரில் அஃப்ரின் என்ற இளம்பெண்ணும் அவள் 'அத்தா' என்று கூப்பிடும் அப்பா ஜாஃபரும் இருந்தார்கள். அஃப்ரின் மேட்டுப்பாளையத்தில் கேக் கடை வைத்திருக்கிறாள். கோத்தகிரியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மூன்றடுக்கு கேக். வளைவுகளில் சாயாமல் பிடித்துக்கொள்ள அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

"தடம் ரோட்டை மூடிருச்சு," என்றான் சஞ்சித். "பின்னால வந்த வண்டியெல்லாம் அப்படியே திரும்பிப் போச்சு. உள்ள இருந்தவங்க கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே போறாங்க மிது. இறங்கணும்னாலும் கதவு திறக்காதே. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நான் மட்டும்தான். அந்தப் பொண்ணை வெளிய இழுத்துட்டேன். அவங்கப்பாவை முடியல. கேக்கைக் கட்டிப்பிடிச்சபடியே இருந்தார்."

மிதுனா அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் புரியவே மாட்டேங்குது," என்றான் அவன் அவள் புடவைக்குள். "அது ஏன் என் மேல வரல? நீங்க சரி பண்ணியிருந்தாலும் நான் ஒருத்தன்தான? அவங்க ரெண்டு பேர்."

அவள் கை அவன் தலைமுடியில் அப்படியே நின்றுவிட்டது.

கோத்தகிரி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மியாட்டா ஒரு கீறல் இல்லாமல் நின்றது. சஞ்சித் உள்ளே வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பணப்பையைத் தேடுவது போலக் குனிந்து, இருக்கைக்கு அடியிலிருந்த டேக்கை மிதுனா பெயர்த்தெடுத்தாள். பணப்பைக்குள் போட்டாள். யாரும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் செய்தியில் சஞ்சித்தான். 'கதவைத் திறந்து இறங்கிய ஒரே மனிதர்.' கிளினிக்குக்குப் பூங்கொத்துகள் வந்தன. கையில் கட்டோடு அஃப்ரின் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பேசினாள்: "அந்த அண்ணா இல்லைன்னா நானும் இல்லை." மிதுனா டிவியை அணைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

*

அலுவலகத்தில் சுதர்சன் அவளைத்தான் கூப்பிட்டார்.

"பாவம், உங்க வீட்டுக்காரர் அங்க இருந்திருக்கார். உங்களுக்குக் கஷ்டம்னு தெரியும். ஆனா இதை உங்களைத் தவிர யாராலயும் பாக்க முடியாது." திரையைத் திருப்பிக் காட்டினார். "அந்த இடத்துல பதினோரு பேரோட ஒரு வேன் இருந்ததாத் தடம் சொல்லுது. அந்த வேனைக் காப்பாத்தத்தான் லாரியைத் திருப்பியிருக்கு. ஆனா வேனே இல்லை. எந்தக் காமிராவிலயும் இல்லை. எங்கிருந்து வந்தது, எங்க போச்சு? கண்டுபிடிச்சுக் குடுங்க. இல்லாட்டி சிக்னல் கோளாறுன்னு எழுதி முடிங்க. ரெண்டுல ஒண்ணு."

இரண்டாவது வழியை அவர் அழுத்திச் சொன்னார். அவளுக்கு வாசல் திறந்திருந்தது. கோளாறு என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

எழுத உட்கார்ந்தாள். எழுதுவதற்கு முன்னால், ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று லாரியின் முன்காமிராப் பதிவை ஓடவிட்டாள்.

மலைச்சாலை. முன்னால் சிவப்புக் கார். அதற்கும் அப்பால், வளைவுக்கு நேர் எதிரே, பிரேக் போன வண்டிகளுக்காகவே கட்டியிருந்த மணல் மேடு. லாரி வேகம் எடுக்கிறது. கார் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அவள் பதிவை நிறுத்தி, ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தினாள்.

காரின் முன்சக்கரங்கள் இடது பக்கம் திரும்பியிருந்தன.

இன்னும் நகர்த்தினாள். காரின் மூக்கு சாலையை விட்டு, ஓரத்தில் இருந்த மண்பட்டைக்குள் நுழைகிறது. பின்பக்கம் நழுவுகிறது, புழுதி கிளம்புகிறது. மருதமலைச் சாலையில் அவள் பார்த்தாளே, அதே போல அவன் அதைப் பிடித்து நிறுத்துகிறான். லாரியின் பாதை காலி. லாரிக்கு நேர் எதிரே மணல் மேடு மட்டும்.

அதற்கு அடுத்த சட்டகத்தில்தான் லாரி வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது.

மிதுனாவுக்கு விதி தெரியும். தடத்தோடு இணையாத வண்டி விலகிப்போவதைத் தடம் நம்பாது. மனிதக் கை எந்தப் பக்கமும் திரும்பலாம் என்பதால், அந்த வண்டி நேராகவே போகும் என்று எடுத்துக்கொள்ளும். எண் பூஜ்யமாக இருந்திருந்தால் தடம் அதைப் பற்றிக் கவலைப்பட்டே இருக்காது. லாரி தன் பாதையில் நேராக வந்திருக்கும். காலியான சாலையைக் கடந்து மணலில் ஏறிப் புதைந்திருக்கும். கேரட் கொட்டியிருக்கும், அவ்வளவுதான்.

அவன் அன்றைக்குத் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டிருந்தான். அவளுடைய பதினொன்று, ஏறி வந்த காருக்குள் இருந்தவரைக் கொன்றிருந்தது.

*

அன்று மதியமே வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னாள். நோயாளிகள் போன பிறகு, கிளினிக்கின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். டேக்கை எடுத்துத் தட்டில் வைத்தாள். டிரில் முனைகளுக்கு நடுவே அது கிடந்தது.

அவன் அதைக் கையால் தொடாமல் குனிந்து பார்த்தான்.

"நான் திருப்பிட்டேன் மிது."

"தெரியும். பாத்தேன்."

"கண்ணாடியில லாரியைப் பாத்த உடனே ஓரத்து மண்ணைப் பாத்தேன். இந்த வண்டி போகும்னு தெரியும். போயிருச்சு. அப்புறமும் ஏன் அது திரும்புச்சுன்னுதான் தினமும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்." குரல் உயரவில்லை. "என் மேல உனக்கு நம்பிக்கை இல்லைங்கறது கூடப் பரவால்ல. யாருக்குத்தான் இருக்கு? ஆனா பதினோரு பேர்னு எழுதினியே. நான் ஒருத்தன். மிச்சம் பத்துப் பேர் யாரு?"

அவள் சுழல் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அந்த இல்லாத பத்துப் பேருக்காக ஒரு மனுஷன் செத்துட்டார். அந்தப் பொண்ணு தினமும் எனக்குப் போன் பண்ணி அண்ணா சாப்பிட்டீங்களான்னு கேக்குது."

சாயங்காலம் இரண்டு பேரும் மேட்டுப்பாளையம் போனார்கள். அஃப்ரின் கடையை அன்றுதான் மறுபடி திறந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்கண்ணா, வாங்கக்கா," என்று ஒற்றைக் கையால் நாற்காலி இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தால் பேச முடியாது என்று மிதுனா நின்றபடியே சொல்லி முடித்தாள். மணல் மேட்டையும் மறைக்கவில்லை.

அஃப்ரின் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அத்தாவை எத்தனைன்னு எண்ணுச்சுக்கா?"

"ஒண்ணு. உங்களோட சேத்து ரெண்டு."

"சரியாத்தான் எண்ணியிருக்கு," என்றாள் அஃப்ரின். துணியைக் கீழே வைத்தாள். "நீங்க போங்க. அண்ணா, நீங்களும் போங்க."

அங்கிருந்து மிதுனா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். மறுநாள் சுதர்சனிடம் அறிக்கையைக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, கோபப்படாமல், களைத்துப்போன குரலில், "கோளாறுன்னு எழுதியிருக்கலாமே அம்மா," என்றார்.

*

வழக்கு நடந்தது. தண்டனை வந்தது. வேலை போயிற்று. கோவை மத்தியச் சிறையின் பெண்கள் பகுதியில் மிதுனா ஒரு மழைக்காலத்தையும் ஒரு வெயில்காலத்தையும் கழித்தாள். சஞ்சித் வாரம் தவறாமல் பார்க்க வந்தான். அதிகம் பேசமாட்டான். ஆனால் வந்தான்.

அவள் உள்ளே இருந்தபோது ஊர் மாறிக்கொண்டிருந்தது. டேக் இல்லாத ஆளைத் தடம் எண்ணாது என்பது வழக்கில் வெளியானதும் பெரிய கொந்தளிப்பு. போன் இல்லாமல் நடந்து போகிறவர்கள், சைக்கிளில் கீரை கொண்டுபோகிறவர்கள், பிச்சை எடுப்பவர்கள், எல்லோரும் பூஜ்யம் என்று தெரிந்து ஊர்வலம் போனார்கள். அரசு எல்லோருக்கும் இலவசமாக டேக் கொடுத்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. உக்கடம் கடைகளில் திருத்திய டேக்குகள் விற்பனைக்கு வந்தன. வாங்குகிறவர்கள் அதற்கு வைத்த பெயர், 'பதினொண்ணு'.

புதிதாக உள்ளே வந்த ஒரு பெண்தான் இதை மிதுனாவிடம் சொன்னாள், இவள் யாரென்று தெரியாமல். "எங்க தெருவுல எல்லார் வண்டியிலயும் பதினொண்ணு இருக்குதுங்க. இப்ப மேட்டுத்தெருக்காரங்க இருபதுன்னு வச்சுட்டாங்களாம். நாங்களும் மாத்தணும். புள்ளைங்களைத் தனியா வண்டியில அனுப்பறமுல்ல, சும்மா விட முடியுங்களா?"

மிதுனா தலையசைத்தாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

விடுதலையாகி வந்த பிறகு அவள் நடந்துதான் போய்வந்தாள். மியாட்டா ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து, உறை போட்டுக் கொட்டகையில் நின்றது. சஞ்சித் அதைத் தொடவில்லை. கையால் ஓட்டும் வண்டிகளை எடுக்கும் சட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போயிருந்தது. பெட்ரோல் பங்க் நண்பர்கள் இரண்டு பேர் வந்து விலை கேட்டார்கள். அவன் விற்கவும் இல்லை.

ஒரு நாள் காலை வாசல் மணி அடித்தது. மிதுனா கதவைத் திறந்தாள். அஃப்ரின் நின்றிருந்தாள்.

"அண்ணா இருக்காங்களா?"

சஞ்சித் ஈரக்கையோடு வந்தான். அஃப்ரின் அவனைப் பார்த்தே பேசினாள். "அந்த கார் இன்னும் இருக்கான்னு கேக்க வந்தேன்ணா. எனக்கு வேணும். வாடகைக்கோ விலைக்கோ, எப்படின்னாலும்."

"உனக்கு எதுக்கும்மா அது?"

"என்னால தடத்து வண்டியில உக்கார முடியல. உக்காந்து கதவு சாத்தினதும், யாரோ என்னைத் தராசுல தூக்கி வச்ச மாதிரி இருக்கு. எந்தப் பக்கம் வேணாலும் சாயலாம். பஸ்ஸிலயும் அப்படித்தான். இந்த ஒரு வருஷமா எங்க போனாலும் நடைதான். கடையைப் பாக்க முடியல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "காரமடையில ஒருத்தர்கிட்ட பழைய மாருதி இருக்கு. அதுல கியர் வண்டி ஓட்டப் பழகிக்கிட்டேன். லைசென்ஸ் எடுத்துட்டேன். கை சரியாயிருச்சு. சாகறதா இருந்தா நானே எங்கயாவது தப்பாத் திருப்பிச் சாகறேண்ணா. என்னை யாரும் கணக்குப் போட வேணாம்."

சஞ்சித் உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்தான். உறையை எடுத்தான். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தான். பக்கத்து இருக்கைக்குப் போகத் திரும்பினான்.

"நீங்க வேணாம்ணா," என்றாள் அஃப்ரின். முதல் முறையாக மிதுனாவை நேராகப் பார்த்தாள். "நீங்க வாங்கக்கா."

சஞ்சித் மிதுனாவைப் பார்த்தான். சாவியை அஃப்ரினிடம் கொடுத்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அஃப்ரின் மெதுவாகத்தான் ஓட்டினாள். கிளட்ச்சை விடும்போதெல்லாம் கார் துள்ளியது. மேட்டுப்பாளையம் சாலைக்கு வந்ததும் இரண்டு பக்கமும் தடத்து வண்டிகள் ஒரே சீராக, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்தவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்கி இந்தச் சின்னச் சிவப்புக் காரைப் பார்த்தார்கள். ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி கையாட்டியது.

கவுண்டம்பாளையம் தாண்டி, குறுக்குச் சாலை நடுவில் வண்டி நின்றுபோயிற்று.

அஃப்ரின் சாவியைத் திருகினாள். இஞ்சின் இழுத்தது, பற்றவில்லை. மறுபடி திருகினாள். மிதுனா பக்கவாட்டில் பார்த்தாள். குறுக்குச் சாலையில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. கூட்டமான பஸ். அதன் தலைக்கு மேல் என்ன எண் இருக்கும் என்று அவள் மனம் தானாகக் கணக்குப் போட்டது. அரசு கொடுத்த டேக் இருவரிடமும் இல்லை; தங்கள் தலைக்கு மேல் ஒன்றும் இல்லை. பிரேக் நன்றாக இருந்தால் நின்றுவிடும். நன்றாகத்தான் இருக்கும். இருந்தாக வேண்டும்.

நியூட்ரலில் போடு என்று சொல்ல வாயெடுத்தாள். கியரை நோக்கிக் கையும் போயிற்று.

அஃப்ரின் திரும்பிப் பார்த்தாள். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. கண்ணில் பயம் இருந்தது, கோபம் இல்லை.

மிதுனா கையைப் பின்னுக்கு இழுத்தாள். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அஃப்ரினின் விரல்களை மட்டும் பார்த்தாள். தழும்பு ஓடிய அந்த விரல்கள் கியரைத் தளர்த்தின. அஃப்ரின் கிளட்ச்சை முழுவதும் மிதித்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு சாவியைத் திருகினாள்.

இஞ்சின் பற்றிக்கொண்டது.